மணியின் நாக்கு

படத்தைத் துடைக்கும்போது யோசப்பின் தன் கண்களை மூடிக்கொள்வாள். முதலில் சட்டத்தின் மேல் விளிம்பு, பிறகு இரண்டு பக்கங்கள், கடைசியில் கண்ணாடி. ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம். இரண்டு வருடங்களில் அந்தக் கண்ணாடியில் ஒரு கோடு விழுந்ததில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறை வாசலுக்குப் போன பிறகுதான் கண்களைத் திறப்பாள்.

படம் நடையின் நடுவே ஒரு கதவின் பாதி உயரத்துக்குத் தொங்கியது. ஆற்றுக்குள் நின்றபடி தலையைத் திருப்பிப் பார்க்கும் கரடி. தோளில் மாட்டுத் திமில்போல ஒரு புடைப்பு. கீழே பித்தளைத் தகட்டில் ‘ஓர்சோ கிறிஜ்ஜோ, மொன்டானா, 1989’ என்று வெட்டியிருந்தது. படத்தை எடுத்தவள் அந்த வீட்டு மகள். படித்துப் பட்டம் பெற்றவள் என்பதால் அவளை எல்லோரும் தொத்தொரெஸ்ஸா என்றுதான் கூப்பிட்டார்கள். வசந்தம் தொடங்கி இலையுதிரும் வரைக்கும் அமெரிக்காவில் கரடிகளோடு இருப்பாள். கரடிகள் குகைக்குள் படுத்த பிறகு இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து, தாயின் வீட்டில் இருந்து எழுதுவாள். மற்ற மாதங்களில் அந்த நான்காம் மாடியில் யோசப்பினும், அந்தத் தாய், எண்பத்து நான்கு வயதுக் கிழவி சிஞ்ஞோராவும் மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அந்தப் படம் யோசப்பினை மாட்டிவிட்டிருந்தது. கோவிலில் தமிழருக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற றெஜிதான் ஒருநாள் சாமான் தூக்க வந்த இடத்தில் தகட்டை வாசித்து, “ஓர்சோ எண்டால் கரடி அக்கா” என்று சொல்லியிருந்தான். மறுநாள் காலை சிஞ்ஞோரா படுக்கையில் இருந்தபடி ஓர்சோ வேண்டும் என்றாள். யோசப்பின் நடையில் வெகுநேரம் நின்றாள். பிறகு கதிரை போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, கரடியின் முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்ப் படுக்கையின் கால்மாட்டில் நிறுத்தினாள்.

கிழவி மூச்சுமுட்டும்வரை சிரித்தாள். டொக்டர் கோப்பியைத் தடுத்ததால் அவள் குடிப்பது வறுத்த வாற்கோதுமைத் தூளில் போட்ட பானம். அதற்கும் ஓர்சோ என்றுதான் பேர். எழுத்தில் வேறு, பலெர்மோக்காரர் வாயில் இரண்டும் ஒன்றுதான். வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் சிஞ்ஞோரா அந்தக் கதையைச் சொன்னாள். “கரடியைக் குடி எண்டு கொண்டந்து வைச்சவள் இவள்” என்பாள். யோசப்பினும் கூடச் சிரிப்பாள். கரடியின் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே அவள் வந்ததைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் கோப்பையை நீட்டி, “சிஞ்ஞோரா, ஓர்சோ” என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வருடம், தொண்ணூற்றாறில், தொத்தொரெஸ்ஸா கார்த்திகை நடுவில் வந்தாள். அவள் வருவது படிக்கட்டிலேயே தெரிந்துவிடும். முதுகுப் பையில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தாள். கீழ்மாடியில் மணி கேட்டதும் சிஞ்ஞோரா தலையணையில் நிமிர்ந்து, “ஆடு வந்திட்டுது” என்றாள்.

மூன்றாம் நாள் தொத்தொரெஸ்ஸா நடையில் நின்று யோசப்பின் படம் துடைப்பதைப் பார்த்தாள். ஏன் கண்ணை மூடுகிறாய் என்று கேட்டாள். தூசி என்றாள் யோசப்பின். தூசி இல்லையே என்றாள் மற்றவள். யோசப்பினுக்குத் தெரிந்த இத்தாலியன் சமையலறைக்கும் சந்தைக்கும் வதிவிட அனுமதிக்கான பெர்மெசோ வரிசைக்கும் போதுமானது. இதற்கு அது காணாது. துணியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு விரலால் கண்ணாடியைத் தொட்டு, “என்ரை மனிசன்” என்பதற்கான சொல்லை மட்டும் சொன்னாள்.

தொத்தொரெஸ்ஸா அனுதாபம் சொல்லவில்லை. “உங்கடை நாட்டிலை அது கறுப்பு. நெஞ்சிலை வெள்ளைக் குறி ஒண்டு இருக்கும், என்ன?” என்று கேட்டாள்.

இருந்தது என்று, கணவன் வலன்ரைனோடு காட்டுக்குப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். மூன்றரை வருடத்தில் அந்த வெள்ளைக் குறியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவள்தான். யோசப்பின் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் யோசப்பினுக்கு வேறொரு கவலை தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கணவனின் சாவும் அதற்குள்தான் இருந்தது. அவளுடைய ஒரே மகள் மொனிகா இலங்கையில், மடுக் கோவில் அகதி முகாமில், வலன்ரைனின் தமக்கை மரியமலரோடு இருந்தாள். தாய் புறப்பட்டபோது பத்து வயது. இப்போது பதின்மூன்று. போன சித்திரையில் யோசப்பினுக்குப் பெர்மெசோ கிடைத்ததிலிருந்து பிள்ளையைக் கூப்பிடப் பத்திரங்கள் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிறப்புப் பத்திரம் வந்துவிட்டது. பிரான்காச்சோவில், லீவு நாளில் தங்க மாக்கிரட் என்ற ஊர்க்காரியின் குடும்பத்தோடு பங்கு போட்டிருந்த வீட்டில் பிள்ளைக்கு இடம் உண்டு என்று எழுதி வாங்கியாயிற்று. ஒன்றுதான் குறை. தகப்பன் சம்மதித்துக் கையொப்பம் வைக்க வேண்டும், அல்லது தகப்பனின் மரணப் பத்திரம் வேண்டும்.

சண்டை நடந்த மடுவில் அப்போது அரசாங்கப் பதிவுகாரர் யாரும் இல்லை. மன்னாருக்கு எழுதினால், காட்டுமிருகம் அடித்த சாவுக்குப் பொலிஸ் அறிக்கையும் பிரேதப் பரிசோதனையும் வேண்டும் என்று பதில் வந்தது. மடுவில் பொலிசும் இல்லை. சுவாமியார் அடக்கம் செய்ததாக ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அது கோவில் கடிதம் என்று பலெர்மோவில் பெர்மெசோக் கவுண்டரில் திருப்பித் தந்துவிட்டார்கள்.

மரியமலரின் கடிதம் ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றது. ‘பிள்ளை வளர்ந்திட்டாள். இஞ்சை வைச்சிருக்கப் பயமாக் கிடக்கு. எனக்கு முழங்கால் ஏலாது, விறகுக்கும் அவள்தான் காட்டுக்குப் போறாள். கெதியாக் கூப்பிடு.’

மார்கழியில் ஒரு பின்னேரம், சிஞ்ஞோரா தூங்கிக்கொண்டிருந்தபோது, தொத்தொரெஸ்ஸா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். யோசப்பின் கார்ச்சோபி மொட்டுகளின் முள்ளிதழ்களைக் கிள்ளி எலுமிச்சை பிழிந்த தண்ணீருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். தொத்தொரெஸ்ஸா தன் வேலையை விளங்கப்படுத்தினாள். கரடி இருக்கும் இடத்தில் மனிதர் சாகக் கூடாது, மனிதர் இருக்கும் இடத்தில் கரடியும் சாகக் கூடாது. ஒரு மனிதன் அடிபட்டால் பிறகு ஊரார் பத்துக் கரடிகளைச் சுடுவார்கள். அதனால் தேன்பெட்டிகளைச் சுற்றி மின்கம்பி போடுகிறோம். கரடி திறக்க ஏலாத குப்பைத் தொட்டி கொடுக்கிறோம். செத்த மாடுகளை உடனே அப்புறப்படுத்துகிறோம். ஒவ்வொரு அடிபாட்டையும் இந்தப் படிவத்தில் எழுதிவைத்தால், அடுத்தது நடக்காமல் பார்க்கலாம். உன் நாட்டுக் கரடியைப் பற்றி எங்களிடம் ஒன்றும் இல்லை. விருப்பமில்லாவிட்டால் வேண்டாம்.

யோசப்பின் ஈரக் கையைத் துடைத்துவிட்டு, கேளுங்கள் என்றாள்.

நாற்பத்தொரு கேள்விகள். எந்த மாதம்? ஆனி, தொண்ணூற்று மூன்று. எத்தனை பேர் போனார்கள்? நாலு பேர். எதற்கு? விறகுக்கும் பாலைப்பழத்துக்கும். பாலை பழுக்கிற காலம். முகாமில் பிள்ளைகளுக்குத் தின்ன வேறு பழம் இல்லை. கரடிக்கும் அந்தப் பழம்தான் விருப்பம் என்றாள் தொத்தொரெஸ்ஸா, எழுதிக்கொண்டே. குட்டி இருந்ததா? ஒன்று. எவ்வளவு தூரத்தில் கண்டார்கள்? இந்த மேசையிலிருந்து அந்த ஜன்னல். ஆளுக்குக் காடு பழக்கமா?

“இல்லை,” என்றாள் யோசப்பின். “கடல்.”

வலன்ரைன் வங்காலைக் கடற்காரன். ஒரு வள்ளத்திலிருந்து அடுத்த வள்ளத்துக்குக் கத்திக் கத்தியே கதைத்துப் பழகியவன். வீட்டுக்குள்ளும் அப்படித்தான், உப்புத் தா என்று கேட்டால் அயல் வீட்டுக்காரி உப்போடு வருவாள். கலியாணம் முடித்த புதிதில் அவன் ஏசுகிறான் என்று நினைத்து யோசப்பின் மூலையில் இருந்து அழுதிருக்கிறாள். இதை எல்லாம் சொல்ல இத்தாலியன் வரவில்லை. காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பெரிதாக விரித்துக் காட்டி, சத்தம் என்றாள்.

தொத்தொரெஸ்ஸா அதைத் தப்பாக விளங்கிக்கொண்டாள். அது இருபத்தேழாவது கேள்வியோடு பொருந்திவிட்டது. “அப்ப சத்தம் போட்டுக்கொண்டுதானே போனவை?”

யோசப்பின் இல்லை என்று தலையாட்டினாள்.

தொத்தொரெஸ்ஸா பேனையை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். கரடிக் காட்டில் அதுதான் முதல் விதி. கதைத்துக்கொண்டு போக வேண்டும், பாட வேண்டும், கைதட்ட வேண்டும். மனிதச் சத்தம் கேட்டால் கரடி தானாக விலகிப் போய்விடும். திடீரென்று கிட்டத்தில் கண்டால்தான் பயத்தில் அடிக்கும். என்னுடைய பையில் மணி அதற்குத்தான். “கொஞ்சம் கதைச்சிருந்தால் அது போயிருக்கும்,” என்றாள்.

யோசப்பின் அடுத்த மொட்டை எடுத்து, ஒன்றும் கிள்ளாமல் கையில் வைத்திருந்தாள். வலன்ரைன் காட்டுக்குப் போனதற்கு முந்தின கிழமை விறகு வெட்டப் போன இரண்டு பேர் அதே பாதையில் சூடுபட்டுக் கிடந்தார்கள். பேச்சுக்குரல் வந்த பக்கம் பார்த்துச் சுட்டிருந்தது. யார் சுட்டது என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலை வலன்ரைன் புறப்படும்போது மற்ற மூவரும் அவனை நடுவில் நிறுத்தி, வாயைத் திறந்தாயென்றால் உன்னை இங்கேயே விட்டுவிட்டுப் போவோம் என்று பகிடியாகவும் பகிடி இல்லாமலும் சொன்னார்கள். அவன் கையால் வாயைப் பொத்திக் காட்டிவிட்டுப் போனான்.

அவள் தேடித் தேடி சில சொற்களைச் சேர்த்தாள். “கதைச்சால், சுடுவாங்கள்.”

பேனை திரும்பக் கைக்கு வந்தது. படிவத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. தொத்தொரெஸ்ஸா ‘இல்லை’யில் கோடு போட்டாள். பிறகு ஓரத்தில், பொடி எழுத்தில், யோசப்பின் சொன்னதையும் எழுதினாள். அடுத்த கேள்வியைச் சற்றுத் தயங்கித்தான் கேட்டாள். அடிபடும்போது அவர் கத்தினாரா?

இல்லை. அவனும் கத்தவில்லை, மற்றவர்களும் கத்தவில்லை. தடியால் அடித்தே துரத்தினார்கள். சாரத்தில் போட்டுத் தூக்கிவந்த ஒன்றரை மைலும் அவன் தன் சேட்டின் கழுத்துத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தான். மடுக் கோவில் மணிக்கூண்டு தெரிகிற இடத்தில் உயிர் போயிருந்தது. கழுவிக் கிடத்துவதற்கு அந்தத் துணியைப் பல்லிலிருந்து எடுக்க முடியாமல் யோசப்பின்தான் கத்தரிக்கோலால் வெட்டினாள். அதற்குக் கேள்வி இருக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

றெஜிக்கு இதைச் சொன்னபோது அவன் உற்சாகமாகிவிட்டான். படித்த மனிசி, கரடிக்கென்றே டொக்டர் பட்டம் எடுத்தவள், அவள் ஒரு கடிதம் தந்தால் கவுண்டரில் மறுக்க மாட்டார்கள் என்றான். தொத்தொரெஸ்ஸா மறுக்கவில்லை. தன் ஆய்வு நிலையத்தின் முத்திரையோடு இரண்டு பக்கம் எழுதி, படிவத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தாள்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மழைக்குள் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்று, யோசப்பினும் றெஜியும் கவுண்டருக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கு ருசித்தது. பக்கத்துக் கவுண்டர்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கரடி எத்தனை கிலோ இருக்கும், இலங்கையில் சிங்கமும் உண்டா என்று கேட்டார். றெஜி சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான். யோசப்பினும் சிரித்தாள், சிரித்தால் நல்லது என்று அவளுக்குப் பட்டது.

பிறகு அவர் படிவத்தைத் திருப்பி, ஒரு இடத்தில் விரலை வைத்தார். கரடி: பெண், வளர்ந்தது, ஒரு குட்டியோடு. மனிதன்: ஆண், வயது முப்பத்தாறளவில், மீனவர். பெயர் எங்கே?

பெயர் கடிதத்தில் இருக்கிறது என்றான் றெஜி. கடிதம், இந்த அம்மா சொன்னதைக் கேட்டு எழுதியது, என்றார் அதிகாரி. படிவத்தில் பெயர் இல்லை. மரணப் பத்திரம் இல்லையென்றால், சட்டத்துக்கு அவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருந்தால் அவர் சம்மதிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சம்மதக் கடிதத்தின் வாசகத்தைத் தன் கையாலேயே வடிவாக எழுதி, கையொப்பம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு புள்ளடி போட்டுக் கொடுத்தார். உதவி செய்ததாகத்தான் நினைத்தார்.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் றெஜி அந்தத் தாளை மடித்தும் விரித்தும் கொண்டிருந்தான். “அக்கா, ஆரையும் கொண்டு ஒரு கையெழுத்து வைப்பிப்பமோ? அங்கை ஆர் பாக்கப் போறாங்கள்?”

“அவருக்குப் பதிலாய் ஆர் தம்பி வைக்கிறது?”

“ஆரும் ஒருத்தன். உயிரோடை இருக்கிற ஒருத்தன்.”

அவள் தாளை வாங்கி, நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பிரான்காச்சோ பஸ் வந்தது. ஏறியபின் ஒரு தரிப்பு தாண்டித்தான் சொன்னாள். “அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை பொய்க் கையெழுத்து வைச்சதில்லை. செத்த பிறகு வைக்க வேண்டாம்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, “இரண்டு நாள் யோசிக்கிறன்” என்றாள்.

யோசித்து முடிவதற்குள் மாசி வந்துவிட்டது. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் தொத்தொரெஸ்ஸாவின் கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் யோசப்பின் கடைசி வரிசையில் நின்றாள். திரையில் பனிமலை, ஆறு, கரடிகள். ஒவ்வொரு கரடிக்கும் ஓர் எண் இருந்தது. சிலவற்றுக்குப் பேரும் இருந்தது. நூற்றெழுபத்தாறாம் இலக்கப் பெண்கரடி சுடப்பட்ட நாள், நேரம், பல்லை அறுத்துக் கண்ட வயது எல்லாம் திரையில் வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

பிறகு ஓர் அட்டவணை வந்தது. இருபத்து மூன்று அடிபாடுகள். பதினான்காவது வரிசையில் ‘ஸ்ரீ லங்கா’ என்ற எழுத்துகளை யோசப்பினால் வாசிக்க முடிந்தது. அதற்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. பத்தொன்பது வரிசைகளில் அதே சிவப்புப் புள்ளி இருந்தது. பத்தொன்பது பேரும் செய்த பிழை ஒன்றுதான் என்றாள் தொத்தொரெஸ்ஸா. சத்தமில்லாமல் நடந்தார்கள். மிக எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடிய பிழை.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கடைசி வரிசைக்கு வந்தது. ஒரு வசனம் தடுமாறிற்று. தாளைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஓரத்தில் எழுதியது அட்டவணையில் ஏறியிருக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று வாசலில் ஒரு பெட்டி நிறைய மணிகள் இருந்தன. தொத்தொரெஸ்ஸாவின் பையில் தொங்குவதைப் போன்ற வெண்கல மணிகள், நெல்லிக்காய் அளவில். பிள்ளைகள் கிலுக்கிக்கொண்டு ஓடினார்கள். தொத்தொரெஸ்ஸா யோசப்பினிடம் வந்து, அந்த அட்டவணையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். யோசப்பின் இடையில் மறித்து, எனக்கும் ஒரு மணி தருவீர்களா என்று கேட்டாள். மகள் விறகுக்குப் போகிறாள்.

தொத்தொரெஸ்ஸா ஒன்றுக்குப் பதிலாக மூன்றை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

மடுவுக்குப் போகவிருந்த ஒரு சுவாமியாரிடம் கொடுக்க, றெஜிதான் பார்சலைக் கட்டினான். இரண்டு சட்டை, வலிக்குப் பூசும் மருந்து, சொக்கலேற். மணியைக் கையில் எடுத்து ஒரு தரம் கிலுக்கிப் பார்த்தான். சத்தம் அந்தச் சின்ன அறைக்குள் எட்டாத இடமெல்லாம் எட்டிற்று.

“இதை அங்கையோ அனுப்பப் போறியள்?”

“ஓம். கரடி விலத்திப் போகுமாம்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு மணியை மட்டும் கடதாசியில் சுற்றிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தான். மற்ற இரண்டும் இடம் காணாது என்றான். இடம் இருந்தது.

பதில் பங்குனிக் கடைசியில் வந்தது. தொத்தொரெஸ்ஸா மொன்டானாவுக்குப் புறப்படும் காலை. யோசப்பின் சிஞ்ஞோராவுக்கு ஓர்சோ கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றபடி கடிதத்தைப் பிரித்தாள். மொனிகாவின் எழுத்து தகப்பனின் எழுத்தைப் போலவே பெரிது பெரிதாக இருந்தது.

‘அன்புள்ள அம்மா, பார்சல் கிடைத்தது. சட்டை ஒன்று அளவாய் இருக்கு, மற்றது இறுக்கம். மணி நல்ல வடிவு. முகாமிலை எல்லாரும் வாங்கிப் பார்த்தவை. மாமி நாக்கைக் கழட்டப் பார்த்தா, கழட்ட ஏலேல்லை. அதாலை உள்ளுக்குப் பழந்துணி அடைச்சுத் தைச்சு விட்டிருக்கிறா. இப்ப சத்தம் கேளாது. நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நீங்கள் சொன்ன மாதிரி, விறகுக்குப் போகேக்கை ஒவ்வொரு நாளும் இடுப்பிலை கட்டிக்கொண்டுதான் போறன். அப்பாவின்ரை கையெழுத்து அலுவல் என்ன மாதிரி?’

நடையிலிருந்து தொத்தொரெஸ்ஸா கூப்பிட்டாள். யோசப்பின் கடிதத்தை ஏப்பிரனின் பைக்குள் வைத்துவிட்டுப் போய், பெட்டியை வாசல்வரை தூக்கிக் கொடுத்தாள். தொத்தொரெஸ்ஸா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, மகள் நலமா என்று கேட்டாள். நலம் என்றாள் யோசப்பின். மணி பிடித்திருந்ததா? பிடித்திருக்கிறது, ஒவ்வொரு நாளும் கட்டுகிறாள். தொத்தொரெஸ்ஸாவின் முகம் மலர்ந்தது.

அவள் படியிறங்கிப் போனாள். பையில் தொங்கிய மணி ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் அடித்தது. மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி. அறைக்குள்ளிருந்து சிஞ்ஞோரா, “ஆடு போகுது” என்றாள். யோசப்பின் கதவை மூடாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். தெருக்கதவு திறந்து மூடிய பிறகும், மீன்காரனின் கூவலுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இடையே, அது கேட்டுக்கொண்டே போனது.